மானாம்பதி மருமகளின் விசா

போன வாரம் ஒரு நாள் காலையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. காஞ்சிபுரத்தில் நான் கடைசியாக வேலை பார்த்த வெளிநாட்டவர் பதிவுப் பிரிவில் இப்போது இருக்கும் பெண் காவலர் பேசினாள். ஒரு வெளிநாட்டுப் பெண், உள்ளூர்ப் புருஷன், பெண்ணின் விசா முடியப்போகிறது, விசாரணை அறிக்கை அனுப்ப வேண்டும்.

"மேடம், சட்டமே புதுசா மாறிடுச்சு. எல்லாம் ஆன்லைன்ல வருது. ஆனா ரெண்டு பேரும் சேர்ந்து வாழறாங்களான்னு கேக்கற எடத்துல மட்டும் இன்னா எழுதறதுன்னே தெரியல."

"வூட்டுக்குப் போய்ப் பாத்தியாம்மா?"

"போன்ல பேசினேன் மேடம்."

அவளைக் குறை சொல்ல எனக்குத் தெம்பில்லை. அவள் மேசையில் என்னவெல்லாம் குவிந்து கிடக்கும் என்று எனக்குத் தெரியும். நேரில் போய்விட்டு வந்து கூப்பிடு என்று சொல்லி வைத்துவிட்டேன். கஞ்சி ஆறிப்போயிருந்தது.

சட்டம் மாறியிருக்கலாம். நான் இருந்த வருஷங்களிலேயே காகிதம் போய்க் கணினி வந்தது. ஆனால் புருஷன் பெண்டாட்டி இருவரில் ஒருவருக்கு இந்த நாடு சொந்தம், இன்னொருவருக்குத் தேதி போட்ட அனுமதி மட்டும்தான் என்றால், அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒரே உயரத்தில் நிற்பதில்லை. அது எந்தச் சட்டத்திலும் மாறாது. எனக்கு இதைக் காட்டிக்கொடுத்தது மானாம்பதியில் ஒரு வீடு. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்குச் சொந்த ஊர் உத்திரமேரூர். படிப்பை முடித்த கையோடு போலீசில் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓடினோம், வெயிலில் நின்றோம், படுத்தால் தூங்கினோம். அப்புறம் பல வருஷம் திருவிழா பந்தோபஸ்து, அதன் பிறகு மகளிர் காவல் நிலையம். முழங்கால் தேய்ந்த பிறகு, உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று சொல்லி என்னை இந்தப் பிரிவுக்கு மாற்றினார்கள். அது ஒரு நாளும் உட்கார்ந்து பார்க்கிற வேலையாக இருந்ததில்லை.

மாவட்டக் காவல் அலுவலகத்தின் மாடியில் ஒரே ஓர் அறை. இந்தப் பக்கம் ஆலைகள் வந்த பிறகு கொரியாக்காரர்களும் ஜப்பான்காரர்களும் குடும்பத்தோடு வந்தார்கள். கல்லூரிகளில் ஆப்பிரிக்கப் பிள்ளைகள் படித்தார்கள். அவர்கள் சொன்ன முகவரியில்தான் இருக்கிறார்களா, சொன்ன காரியத்தைத்தான் செய்கிறார்களா என்று பார்த்துச் சென்னை அலுவலகத்துக்கு எழுதுவது எங்கள் வேலை. முடிவெடுப்பது அவர்கள். பார்ப்பது நாங்கள்.

எங்கள் இன்ஸ்பெக்டர் தணிகாசலம் ஒல்லியான மனிதர். சர்க்கரை நோயாளி. சீருடை போடத் தேவையில்லாத பிரிவு என்பதால் எப்போதும் வெள்ளைச் சட்டை, முழங்கை வரை மடித்த கை. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. வருகிறவர்களை நிற்கவைத்துப் பேசமாட்டார். கணவன் மனைவி என்றால் இரண்டு நாற்காலியையும் மேசையின் ஒரே பக்கத்தில் போடச் சொல்வார். எதிரும் புதிருமாக உட்காரவைத்தால் ஆளுக்கொரு கட்சியாகிவிடுவார்கள் என்பார்.

இன்னொரு வழக்கம் அவருக்கு உண்டு. ஒருவர் சொன்ன வாக்கியத்தை அதே சொற்களில் திருப்பிச் சொல்லி, "இதைத்தான் சொல்றீங்களா?" என்று கேட்பார். மிரட்டல் எதுவும் இருக்காது, காது கேட்காதவர் கேட்பதுபோல இருக்கும். ஆனால் தன் வார்த்தையை இன்னொருவர் வாயால் கேட்கும்போது பாதிப் பேருக்கு முகம் மாறிவிடும். "இல்ல சார், அப்படி இல்ல" என்று மறுபடி ஆரம்பிப்பார்கள்.

என்னிடமும் அதே கதைதான். என் முதல் அறிக்கையில் 'அப்பாவியான தம்பதி' என்று எழுதியிருந்தேன்.

"அப்பாவின்னு எழுதியிருக்கீங்க. அதை எங்க பாத்தீங்க கோமதிம்மா?"

பென்சிலால் அந்த வார்த்தையை மட்டும் அடித்தார். "கண்ணால பாத்தது, காதால கேட்டது. நடுவுல நம்ம மனசு வேணாம்."

வீட்டு விசாரணைக்கு எப்படிப் போவது என்பதையும் அவரிடம்தான் கற்றேன். கல்யாண ஆல்பத்தைக் காட்டினால் வாங்கிப் பார்க்க வேண்டும், ஆனால் அதை நம்பி எழுதக் கூடாது. தண்ணீர் கேட்டால் உள்ளே கூப்பிடுவார்கள். கொடியில் யார் துணி காய்கிறது, குளிக்கிற இடத்தில் சவரக் கத்தி இருக்கிறதா, மாத்திரை டப்பாவில் யார் பெயர் எழுதியிருக்கிறது, இவற்றைக் கேட்காமல் பார்க்க வேண்டும். அக்கம்பக்கத்தில் விசாரிக்கும்போது, "அவங்க எப்படிப்பட்டவங்க?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் ஊர் வம்பு முழுக்க வரும். "நேத்து அவரைப் பாத்தீங்களா?" என்று கேட்டால் போதும்.

பெரும்பாலான கேஸ்கள் மனதில் நிற்காமல் போய்விட்டன. ஒரு கொரியாக்காரர் நினைவில் இருக்கிறார். ஆலையில் அவருடைய வேலை ஒப்பந்தத்தைப் பாதியில் முடித்துவிட்டார்கள். அவர் மனைவி தன் பாஸ்போர்ட்டைத் திறந்து, அதில் இன்னும் பல மாதம் பாக்கியிருப்பதைக் காட்டிக்கொண்டே இருந்தார். கணவரை நம்பிக் கொடுத்த விசா அது, கணவர் வேலை போனதும் அதுவும் போய்விட்டது என்று மொழிபெயர்ப்பாளரை வைத்து மூன்று முறை சொன்னோம். தேதி இருக்கிறதே, தேதி இருக்கிறதே என்று திருப்பித் திருப்பிச் சொன்னார். பிள்ளையின் பரீட்சை முடியும் வரை மட்டும் சென்னையில் அவகாசம் வாங்கிக் கொடுத்தோம். அப்புறம் மூன்று பேரும் போனார்கள். அழுகையோ கோபமோ எதுவும் இல்லை. அந்த அம்மாள் இறங்கும்போது எங்கள் அறைக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

இனி மானாம்பதி.

ஏழுமலை அந்த ஊர் விவசாயக் குடும்பத்துப் பையன். வளைகுடா நாட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்தபோது, அங்கே சூப்பர் மார்க்கெட்டில் பில் போட்டுக்கொண்டிருந்த பிலிப்பைன்ஸ் பெண் மரிசெல்லோடு பழக்கமாகியிருக்கிறது. அப்பா படுத்த படுக்கையானதும் அவன் ஊர் திரும்பினான். அவர் காலமான பிறகு இவள் வயிற்றில் பிள்ளையோடு, டூரிஸ்ட் விசாவில் தேடி வந்துவிட்டாள். அவள் மாதா கோயிலுக்குப் போகிறவள், மதம் மாறமாட்டேன் என்றாள். அதனால் சிறப்புத் திருமணச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு மாதம் அறிவிப்பு ஒட்டிக் காத்திருந்து, பதிவு செய்துகொண்டார்கள். அதற்குள் விசாவில் பெரும்பகுதி தீர்ந்திருந்தது. இந்தியரின் மனைவி என்ற முறையில் விசாவை மாற்றித் தரும்படி விண்ணப்பம் போட்டாள். அது சென்னை போய், விசாரணைக்காக எங்களிடம் வந்தது. விசா முடிய மூன்று வாரம்போல மிச்சமிருந்தது. அவளோ நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள்.

நான் கிளம்புவதற்கு முன்பே ஏழுமலையின் அண்ணன் பெருமாள் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். கதர்ச் சட்டை, கையில் ஹெல்மெட். மரியாதையாகத்தான் பேசினார்.

"தப்பா ஒண்ணும் கேக்கல மேடம். பொய் எழுதச் சொல்லல. அந்தப் பேப்பர கொஞ்ச நாளு அப்படியே வெச்சிருங்க, போதும். தேதி முடிஞ்சா அது ஊருக்கு அது போயிடும். எங்களுக்கும் பேஜார் இல்ல, உங்களுக்கும் பேஜார் இல்ல."

'அது' என்றுதான் சொன்னார்.

விஷயம் என்னவென்றால், அவர் மனைவியின் தங்கையை ஏழுமலைக்கு என்று பல வருஷமாகப் பேசி வைத்திருந்தார்கள். அவன் இப்படிச் செய்ததும் அந்தப் பெண் கல்யாணமே வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டாள். பெருமாளின் மனைவி அதே வளவில், பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு ஒரு நாள் விடாமல் பேசித் தீர்த்தாள். பெருமாள் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். தூங்கிப் பல நாளான முகம்.

எங்கள் அலுவலகங்களில் ஒருவருக்குக் கெடுதல் செய்ய எதையும் செய்ய வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும். இது எனக்குத் தெரியும். வெளி ஆள் ஒருவர் வந்து அதைச் சாதாரணமாகச் சொல்லி அன்றுதான் கேட்டேன். இன்ஸ்பெக்டரிடம் போய் அவர் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். கேட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

"இன்னைக்கே போயிட்டு வந்துடுங்கம்மா" என்றார். அவ்வளவுதான்.

மானாம்பதியில் அந்த வீட்டு வாசலில் மரிசெல் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். சின்ன உருவம், பெரிய வயிறு. பக்கத்தில் மாமியார் பச்சையம்மாள். என்னைப் பார்த்ததும் மரிசெல் எழுந்திருக்க முயன்றாள்.

"குந்து மேடம். நாஷ்டா துன்னியா?"

தமிழை அவள் கற்றது மாமியாரிடமும் தெருவிலும். மரியாதைப் பன்மை அவளுக்கு வராது. எல்லோருக்கும் நீதான். எனக்குச் சிரிப்பு வந்தது. பச்சையம்மாள் பதறிப்போய், "நீங்கன்னு சொல்லணும்மே" என்று அவள் தோளில் தட்டினாள்.

"ஏழுமலை எங்கம்மா?" என்று கேட்டேன்.

"காலைலதான் வேலைக்குப் போனான் மேடம்" என்றாள் பச்சையம்மாள். "சாயங்காலம் வந்துருவான். தெனம் வரான்."

தண்ணீர் கேட்டு உள்ளே போனேன். கொடியில் இரண்டு நைட்டி, மாமியாரின் புடவை. ஆண் துணி ஒன்றுகூட இல்லை. குளிக்கிற இடத்தில் ஒரே ஒரு சோப்பு, சவரச் சாமான் கிடையாது. மரிசெல்லின் மாத்திரைகள் ஜன்னலில் இருந்தன. நான் பார்ப்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்த பொய் சொல்லுது மேடம்" என்றாள். "எனக்கோசரம் சொல்லுது. அவரு இங்க இல்ல. மழைக்கு முன்னாடியே போயிட்டாரு. வாலாஜாபாத்ல கீறாரு."

"அடியே, ஏன்டீ நீயே சொல்ற?" பச்சையம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "தெனம் அந்தப் பக்கத்துல இருந்து ஏச்சு. இவன் தாங்காம ஓடிட்டான். இவள எங்கிட்ட உட்டுட்டுப் போயிட்டான் மேடம். இந்த வயித்தோட நான் எங்க அனுப்புவேன்? நீங்க எழுதுங்க, ரெண்டு பேரும் ஒண்ணாதான் கீறாங்கன்னு. நான் எந்தச் சாமி முன்னாடி வேணா வந்து சொல்றேன்."

நான் மாமியார்கள் பலரைப் பார்த்தவள். மகளிர் காவல் நிலையத்தில் பார்த்த கணக்கில், அந்த வீட்டுக்குள் நுழையும்போதே இந்த அம்மாளைப் பற்றி ஒரு முடிவோடு போயிருந்தேன். அது இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

"எழுத முடியாதும்மா" என்றேன். "நான் பார்த்ததைத்தான் எழுதணும்."

மரிசெல் தலையாட்டினாள். மறுபடி கடலையை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.

அங்கிருந்து நேராக வாலாஜாபாத் போனேன். ரைஸ் மில்லுக்கு எதிரில் ஒரு ஏசி ரிப்பேர் கடை. ஏழுமலை தரையில் உட்கார்ந்து ஒரு மோட்டாரைப் பிரித்துப்போட்டிருந்தான். யார் என்று சொன்னதும் கையைத் துடைத்தான், மறுபடி துடைத்தான்.

"ஊட்ல இருக்க முடியல மேடம். அந்தப் பக்கம் அண்ணி, இந்தப் பக்கம் இவ. அண்ணன் மூஞ்சியப் பாக்க முடியல. நைனா போனப்புறம் எனக்கு எல்லாம் அண்ணன்தான். நான் இன்னா பண்றது?"

"பொண்டாட்டியோட போன்ல பேசறியா?"

"அவ பண்றா, நான் எடுக்கல. எடுத்தா இன்னா சொல்றது?"

"விசா முடியப்போகுது. தெரியுமா?"

"தெரியும்." மோட்டாரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "விசா முடிஞ்சா, அதுவா ஒரு வழி ஆயிடும் மேடம்."

அவனுக்கு அவள் மேல் வெறுப்பு இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வெறுப்பிருந்தால் ஒரு முடிவு எடுத்திருப்பான். அவள் பாஸ்போர்ட்டில் அடித்த ஒரு தேதியிடம் அந்த முடிவை ஒப்படைத்துவிட்டு அவன் மோட்டார் பிரித்துக்கொண்டிருந்தான்.

அறிக்கை எழுதினேன். கணவர் வாலாஜாபாத்தில் தனியாகத் தங்கியிருக்கிறார், மனைவி மானாம்பதியில் மாமியாரோடு இருக்கிறார் என்று பார்த்ததைப் பார்த்தபடி எழுதினேன். அது போனால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும் என்று தெரிந்துதான் எழுதினேன். இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு, ஏழுமலை சொன்னதையும் என் வாயால் கேட்டுக்கொண்டார், உடனே அனுப்பவில்லை. "ரெண்டு பேரையும் நாளைக்கு வரச் சொல்லுங்க" என்றார்.

மறுநாள் காலையில் மரிசெல் மாமியாரோடு பஸ்ஸில் வந்தாள். மாடிப்படி ஏற அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. ஏழுமலை முன்பே வந்து வராந்தாவில் நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் கை நீட்டப் போனவன் நீட்டாமல் நின்றுவிட்டான். பச்சையம்மாள் அவனைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

இன்ஸ்பெக்டர் இரண்டு நாற்காலியையும் ஒரே பக்கத்தில் போடச் சொன்னார். மரிசெல்லுக்கு முதுகுக்கு வைத்துக்கொள்ள எங்கள் அறையிலிருந்த ஒரு பழைய தலையணையைக் கொடுத்தார். அப்புறம் ஏழுமலையைப் பார்த்தார்.

"நேத்து எங்க மேடத்துகிட்ட ஒண்ணு சொன்னீங்க. 'விசா முடிஞ்சா, அதுவா ஒரு வழி ஆயிடும்.' இதைத்தான் சொல்றீங்களா?"

மரிசெல்லுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். அவள் அவன் பக்கம் திரும்பினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அதை மறுக்கவும் இல்லை. வழக்கமாக அந்த இடத்தில் எல்லோரும் "இல்ல சார்" என்று ஆரம்பிப்பார்கள். இவன் ஆரம்பிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் காத்திருந்து பார்த்துவிட்டு மரிசெல்லிடம் பேசினார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி, அவள் தலையாட்டிய பிறகு அடுத்ததைச் சொன்னார்.

மனைவி என்ற முறையில் விசா மாற்றலாம், அதற்குப் புருஷன் கூட இருக்க வேண்டும். ஊருக்குப் போய் அங்கிருந்தே மனைவிக்கான விசா கேட்டு வரலாம். ஆனால் இந்த வயிற்றோடு விமானத்தில் ஏற்றமாட்டார்கள். பயணம் செய்யக் கூடாது என்று அரசு மருத்துவர் எழுதிக்கொடுத்தால், அதைக் காட்டிக் கொஞ்ச காலம் நீட்டிப்பு கேட்கலாம், சென்னையில் கொடுத்தால் உண்டு. அது முடிந்ததும் போய்விட வேண்டும். எதுவும் செய்யாமல் தேதி தாண்டித் தங்கினால் அது குற்றம். பிறகு திரும்பி வரவும் விடமாட்டார்கள்.

"கொழந்த?" என்று கேட்டாள் மரிசெல். "அது எந்த ஊரு?"

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்பா இந்தியர். நீங்க செல்லுபடியாகிற விசாவோட இருக்கும்போது இங்க பிறந்தா, குழந்தை இந்தியக் குடிமகன். உங்க விசா முடிஞ்சு, சட்டப்படி இல்லாம நீங்க இருக்கும்போது பிறந்தா, இல்ல."

"ஒரே அப்பாதானே?"

"ஒரே அப்பாதான்."

ஏழுமலை நிமிர்ந்தான். அவனுக்கு இது தெரியாது. தேதி முடிந்தால் அவள் ஒருத்திதான் போவாள் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். "சார், நான் இப்பவே கையெழுத்துப் போடறேன். எங்க போடணும்?" என்று எழுந்துவிட்டான்.

"உட்காருங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "கையெழுத்து இல்ல தம்பி நான் கேக்கறது. நீங்க ரெண்டு பேரும் ஒரு வீட்ல இருக்கீங்களா?"

அவன் பதில் சொல்வதற்குள் மரிசெல் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எனக்கு டாக்டர் பேப்பர் போதும்" என்றாள். "அவரு யோசிக்கட்டும். கொழந்த காத்துக்கினு இருக்காது."

பச்சையம்மாள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் போய் அவள் பக்கத்தில் நின்றேன். நிற்பதைத் தவிர அங்கே எனக்கு வேறு வேலை இருக்கவில்லை.

அரசு மருத்துவமனையில் மருத்துவர் பரிசோதித்து எழுதிக்கொடுத்தார். இரத்த அழுத்தமும் கூடியிருந்தது, அதனால் எழுதுவதில் அவருக்குத் தயக்கம் இல்லை. இன்ஸ்பெக்டர் தன் குறிப்போடு என் அறிக்கையையும் சேர்த்தே அனுப்பினார். எதையும் மறைக்கவில்லை. சென்னையிலிருந்து பதில் வரக் காத்திருந்தோம். விசா முடிய இரண்டு நாள் இருக்கும்போது நீட்டிப்பு வந்தது. நான் போன் செய்து சொன்னபோது பச்சையம்மாள்தான் எடுத்தாள். அழுதாள், வைத்துவிட்டாள்.

பெண் குழந்தை பிறந்தது. வலி எடுத்த அன்று வண்டி எடுத்துக்கொண்டு வந்து மரிசெல்லை ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் பெருமாள்தான். எதற்காக வந்தார் என்று நான் கேட்கவில்லை. வார்டுக்கு வெளியே ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "ரெண்டு பேரும் நல்லா கீறாங்க மேடம்" என்றார்.

ஏழுமலை குழந்தையைத் தூக்கிக்கொண்டு கட்டில் ஓரமாக நின்றிருந்தான். வீட்டுக்குப் போகலாம் என்று அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"மானாம்பதி வேணாம்" என்றாள் மரிசெல். "வாலாஜாபாத்ல வூடு பாரு. நீ எங்க தூங்கறியோ அங்க நானும் தூங்கறேன். அத்தையும் வரட்டும்."

நீட்டிப்பு முடிவதற்குள் புது விண்ணப்பம் வந்தது. மறுபடி நான்தான் விசாரணைக்குப் போனேன். மாடியில் ஒற்றை அறை, தகரம் போட்ட சமையல் இடம். கொடியில் இடமில்லாமல் துணி. ஜன்னலில் சவரக் கத்தி. பச்சையம்மாள் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஏழுமலை என்னை வழியனுப்பக் கீழே வந்தவன் படிக்கட்டில் நின்றான்.

"மேடம், அன்னிக்கு சார் சொன்னாரே, நான் சொன்னதுன்னு. அத அவ மறந்துட்டாளா?"

"அவளையே கேளுப்பா."

"கேக்க பயமா கீது."

சேர்ந்து வாழ்கிறார்கள் என்று எழுதினேன். பார்த்தது அதுதான். விசா மாற்றிக் கொடுத்தார்கள். அப்புறம் வருஷா வருஷம் நீட்டிப்புக்கு மூன்று பேருமாக வருவார்கள். எங்கள் மாடிப்படியில் அந்தக் குழந்தை தவழ்ந்தது, நடந்தது, ஓடியது. திருமணம் பதிவாகி இரண்டு வருஷம் கடந்த பிறகு, இந்தியரின் மனைவிக்குக் கிடைக்கும் ஓசிஐ என்கிற வெளிநாடுவாழ் இந்தியர் குடியுரிமை அட்டைக்கு விண்ணப்பித்தாள். அதற்கும் விசாரணை, அதற்கும் காத்திருப்பு. அது கைக்கு வந்தபோது தணிகாசலம் சார் ஓய்வு பெற்றுவிட்டார். நானும் கிளம்பும் தறுவாயில் இருந்தேன்.

நான் ஓய்வு பெற்று வந்து ஒரு வருஷம்போல ஆகியிருக்கும். மரிசெல் போன் செய்தாள். ஊரில் அவள் அம்மாவுக்கு முடியவில்லை.

"மேடம், நான் போனா திரும்ப உள்ள உடுவாங்களா?"

"உன் அட்டையில விசா தேதியே கிடையாதும்மா. எப்ப வேணா போகலாம், எப்ப வேணா வரலாம்."

"அவருகிட்ட பேப்பர் வாங்கணுமா?"

"உனக்கு வேணாம். குழந்தை பாஸ்போர்ட்டுக்குத்தான் அவர் சம்மதம் வேணும்."

"அது போன வருஷமே போட்டுக் குடுத்துட்டாரு."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். அவள் திரும்பி வந்தாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அம்மாவை அடக்கம் செய்து, வீட்டு விஷயங்களை முடித்து, அந்த வருஷத்து மழையும் ஓய்ந்த பிறகு வந்தாள். இப்போதும் வாலாஜாபாத்தில்தான் இருக்கிறார்கள். மாமியாருக்கு அவள்தான் கண்ணில் சொட்டு மருந்து விடுகிறாள்.

ஆனால் அவள் வருவதற்கு முன்னால் ஒரு நாள் ஏழுமலை உத்திரமேரூருக்கு என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தான். மத்தியான வெயில். வண்டியை நிறுத்திவிட்டு வாசலிலேயே நின்றான். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். மெலிந்திருந்தான்.

"போன் பண்ணா எடுக்கறா மேடம். கொழந்தய பேச வெக்கறா. எப்ப வரேன்னு மட்டும் சொல்ல மாட்டேங்கறா. அம்மா செத்துட்டாங்க, இன்னும் வேல கீதுங்கறா." செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கீழே வைத்தான். "அந்த அட்டயில எத்தினி நாளைக்குள்ள வரணும்னு எதுனா போட்டிருக்கா?"

"இல்லப்பா."

"ஒரு தேதி இருக்கும்ல மேடம்? எல்லாத்துக்கும் இருக்குமே."

"இதுல இல்ல. அவ எப்ப வேணும்னாலும் வரலாம்."

அவன் காலிச் செம்பை மறுபடி கையில் எடுத்தான்.

"வராமயும் இருக்கலாமா?"

எனக்கு அவனைத் தேற்றுவதற்கு வயதிருந்தது, வார்த்தையும் இருந்தது. ஆனால் இத்தனை வருஷம் பார்த்த வேலை பொய் சொல்ல விடவில்லை.

"இருக்கலாம்" என்றேன்.

அவன் தலையாட்டினான். எழுந்து போவான் என்று நினைத்தேன், போகவில்லை. நான் சோறு போட்டேன். சாப்பிட்டான்.